ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும் புல்வெட்டி: கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

யேர்மனியின் சிறு நகரங்களில் தோட்டத்துடன் வீடு வாங்கிய எம்மவர் சிலரிடம் ஏறி இருந்து ஓட்டும் புல்வெட்டி இருக்கிறது. இந்நாட்டவர் அதை ராசன்ட்ராக்டோர் என்பார்கள். அதில் அடிக்கடி வரும் முறைப்பாடு இதுதான்: திறப்பைத் திருப்பியதும் இயங்குகிறது, பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் மீண்டும் இயங்குகிறது. திருத்தக் கொண்டுபோவதென்றால் ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும், கூலியும் மணிக்கணக்கில் ஏறும். ஆனால் பல வேளைகளில் இதற்குக் காரணம் சில யூரோ பெறுமதியான ஒரு சிறு பகுதிதான். அது எது என்பதை இயந்திரம் நிற்கும் விதமே காட்டிக்கொடுக்கும்.

நேரமும் எமக்குக் குறைவு. 2002 ஆம் ஆண்டின் இரைச்சல் தடுப்பு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் ஞாயிறும் விடுமுறை நாட்களும் முழுநாளும் புல்வெட்டியை இயக்கக் கூடாது. மற்றைய நாட்களில் இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை கூடாது. சில நகரசபைகள் மதிய நேரத்திலும் தடை வைத்துள்ளன. கிழமை நாட்களில் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு மிஞ்சுவது சனிக்கிழமைதான். அன்று ஒழுங்குமுறையாகத் தேடினால் நேரம் வீணாகாது.

பெற்றோல் இயந்திரம் ஓட மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, தீப்பொறி. பொருளாதாரத் தடைக்குள் 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சில துளி பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். தோட்டத்துக் கிணற்றில் நீர் இறைத்த இயந்திரத்துக்கும் இந்தப் புல்வெட்டிக்கும் அடிப்படை ஒன்றுதான்.

தொடங்கும் முன் வண்டியைக் கராஜுக்கு வெளியே கொண்டுவாருங்கள். புகையிலுள்ள காபன் மோனொக்சைட்டுக்கு மணமில்லை. மூடிய இடத்தில் உயிரைக் குடிக்கும். அலகுக்கு அருகே கை வைப்பதானால் திறப்பை எடுத்து, பிளக் தொப்பியையும் கழற்றிவிடுங்கள்.

1. தாங்கி மூடி

பெற்றோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பல வண்டிகளில் அதற்கான சிறு துவாரம் மூடியிலேயே இருக்கிறது. அது அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி பெற்றோல் இறங்காது. இயந்திரம் நின்றதும் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், மூடியை இறுக்கிய பின் வண்டி உடனே இயங்கினால் பிழை மூடியில்தான். துவாரத்தைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புது மூடி வாங்குங்கள். மூடியைத் தளர்த்தியபடி ஓட்ட வேண்டாம்.

2. குழாயும் வடிகட்டியும்

இயந்திரம் ஆறிய பின், காபுரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விடுங்கள். தாங்கி மேலே இருக்கும் வண்டிகளில் பெற்றோல் சீராக ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் வடிகட்டியை மாற்றுங்கள். பம்பு உள்ள வண்டியில் இயந்திரம் சுழலும்போதுதான் பெற்றோல் வரும்.

3. பழைய பெற்றோல்

சோக் இழுத்திருக்கும்வரை ஓடி, அதை விட்டதும் நின்றால், காபுரேற்றரின் நுண்துளை அடைபட்டிருக்கலாம். யேர்மனியில் 2011 இல் அறிமுகமான ஈ10 பெற்றோலில் 10 வீதம் வரை எத்தனோல் உண்டு. அது ஈரத்தை ஈர்க்கும். மாரி முழுவதும் தாங்கியில் கிடந்தால் நீரும் பிசுக்கும் காபுரேற்றரின் அடியில் தங்கும். காபுரேற்றரைச் சுத்தம் செய்து புதுப் பெற்றோல் விடுங்கள். பழையதை மண்ணிலோ வடிகானிலோ ஊற்றுவது குற்றம். உங்கள் நகரத்தின் நச்சுக்கழிவு சேகரிப்பிடத்தில் கொடுங்கள்.

4. சூடேறும் கொயில்

சூட்டோடு நின்று, அரை மணிநேரம் ஆறினால் மட்டுமே இயங்குகிறதென்றால் தீப்பொறி தரும் கொயிலைச் சந்தேகியுங்கள். பிளக்குக்கும் தொப்பிக்கும் இடையே பொருத்தும் சோதனை விளக்கு மலிவாகக் கிடைக்கும். நின்ற உடனேயே இருக்கையில் இருந்து திறப்பைத் திருப்பும்போது அது எரியாமல், ஆறிய பின் எரிந்தால் கொயில் பழுது என்று எண்ணலாம். புதிது வாங்கும் முன் குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே காய்ந்த புல் அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. பாதுகாப்புச் சுவிச்சுகள்

மேடு பள்ளத்தில் குலுங்கும்போது நின்று, உடனேயே மீண்டும் இயங்கினால் இருக்கைக்குக் கீழுள்ள சுவிச்சையோ அதன் வயரையோ பாருங்கள். புல் கூடைக்கும் அலகுக்கும் தனிச் சுவிச்சுகள் உண்டு. வயரை நேரடியாக இணைத்துச் சுவிச்சை ஏமாற்ற வேண்டாம். ஓட்டுபவர் விழுந்தால் அலகை நிறுத்துவது அதுதான். தோட்டத்தில் விளையாடும் பிள்ளைகளின் கால்களைக் காப்பதும் அதுதான்.

இவற்றுக்குப் பின்னும் நின்றால் திருத்துநரிடம் போங்கள். எதையெதைப் பார்த்தீர்கள், எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும். அடுத்த மாரிக்கு முன் தாங்கியை வெறுமையாக்குங்கள், அல்லது நீண்டகாலம் கெடாத கெரேற்றபென்சின் விட்டுச் சில நிமிடம் ஓட்டி வையுங்கள்.

எமது வீடுகளில் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் அப்பாக்கள் இருக்கிறார்கள். யேர்மன் மொழிக் கைந்நூலைத் தடுமாறாமல் வாசிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருவரும் ஒரு சனிக்கிழமை சேர்ந்து குனிந்தால் பெரும்பாலான புல்வெட்டிகள் அன்றே ஓடும்.