பழைய ஆலை நிலத்தில் தோட்டமா? முதலில் மண்ணைப் பாருங்கள்

பெருங்களத்தூர், தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தில் காலி நிலம் அரிதாகிவிட்டது. மூடிக் கிடக்கும் தொழிற்கூட நிலத்தைப் பூங்காவாகவோ, பொதுக் காய்கறித் தோட்டமாகவோ மாற்றலாமா என்று குடியிருப்போர் நலச் சங்கத்தார் கேட்கின்றனர். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆலையை மூடியதும் அதன் கழிவு மறைந்துவிடுவதில்லை. எண்ணெய்க் கழிவு நாளடைவில் ஓரளவு சிதையும், உலோகம் சிதையாது.

குரோமியம் வந்த வழி

குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனிதான். அடுத்துள்ள நாகல்கேணிப் பகுதியிலும் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. பதனிடச் சேர்க்கும் குரோமிய உப்பைத் தோல் முழுவதும் ஏற்பதில்லை. மீதி கழிவுநீரோடு வெளியேறி, தேங்கிய இடத்து மண்ணில் படிகிறது.

மண்ணில் குரோமியம் இரு வகையாக இருக்கும். மூன்று இணைதிறன் கொண்டது மண்ணோடு ஒட்டி நிற்கும், தீங்கு குறைவு. ஆறு இணைதிறன் கொண்டது நீரில் கரைந்து கிணற்றுக்குச் செல்லும்; அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். பதனிடப் பயன்படுவது முதல் வகை. எனினும் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு அதில் ஒரு பகுதியை இரண்டாம் வகையாக மாற்றக்கூடும்.

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1995ல் நின்றது. அங்கு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்திருந்தது. ஆலை ஓடியது சுமார் இருபது ஆண்டுகள். கழிவு கிடந்ததோ அதைவிட அதிக காலம். ஆறு இணைதிறன் குரோமியம் மழைநீரில் கரைந்து நிலத்தடி நீரையும் கெடுத்தது.

மண் மாதிரி எடுத்தல்

வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளும், களர் உவர் நிலையும், நுண்ணூட்டங்களும் இருக்கும். குரோமியம் இராது. எனவே 'மண் நன்றாக உள்ளது' என்ற அட்டையை மட்டும் நம்பக் கூடாது. மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் இரண்டையும் பார்க்கும்படி தனியே கேட்க வேண்டும்.

வயலில் செய்வது போல நிலம் முழுவதன் மண்ணையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். பழைய கழிவு வாய்க்கால், தொட்டி, ரசாயனப் பீப்பாய் வைத்த இடம் ஆகியவற்றில் தனித்தனியே எடுக்கவும். மேல் அரை அடி மண்ணும், இரண்டடி ஆழ மண்ணும் தனித்தனிப் பைகளில் இருக்கட்டும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் உண்டு. ஆகவே மரம் அல்லது பிளாஸ்டிக் கரண்டி கொண்டு எடுக்கவும். கையுறை அவசியம். ஒப்பிட்டுப் பார்க்க, ஆலைக் கழிவு படாத பக்கத்து நிலத்து மண்ணும் ஒன்று தேவை. கிணறு இருந்தால் நீரையும் சோதிக்கவும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

சீர்திருத்தும் முறை

மண்ணிலோ நீரிலோ ஆறு இணைதிறன் குரோமியம் தென்பட்டால் சங்கத்தார் தாமாக மண்ணைக் கிளறக் கூடாது. மக்கிய தொழு உரமும், அன்னபேதி உப்பும் அதனை மூன்று இணைதிறன் வகையாக மாற்றும். அளவை ஆய்வு முடிவைப் பார்த்து வல்லுநரே சொல்ல வேண்டும். இம்முறை நஞ்சின் வேகத்தைக் குறைக்குமே தவிர, உலோகத்தை அகற்றாது. துர்நாற்றம் போக்கப் பிளீச்சிங் பவுடர் தூவாதீர்கள்; அது குரோமியத்தைத் தீய வகைக்கே திருப்பக்கூடும்.

செடி நட்டால் குரோமியத்தை உறிஞ்சிவிடும் என்பதும் சரியன்று. பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். வெட்டிவேர், புங்கன், சவுக்கு ஆகியவை மண்ணைப் பிடித்துத் தூசியை அடக்கும்; அதுவே போதுமான பயன். கீரை, முள்ளங்கி, கிழங்கு வகைகளை இந்நிலத்தில் பயிரிட வேண்டாம். ஆடு மாடு மேய்க்கவும் வேண்டாம். காய்கறி வேண்டுமானால் அடித்தளம் போட்ட தொட்டிகளில் வெளியிலிருந்து கொணர்ந்த நல்ல மண்ணை நிரப்பி வளர்க்கலாம். சிறு குழந்தைகள் மண்ணை வாயில் வைப்பார்கள். ஆகையால் ஆய்வு முடிவு வரும்வரை அங்கு விளையாட விடக் கூடாது.

யாரிடம் சொல்வது?

அசுத்தமடைந்த நிலங்களைக் கையாள 2025 ஜூலையில் மத்திய அரசு விதிகள் வெளியிட்டது. ஐயத்துக்குரிய நிலத்தை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ கண்டறிய வேண்டும்; பொதுமக்களும் புகார் தரலாம். பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்யும். மாசுபடுத்தியவரே சீர்திருத்தும் செலவை ஏற்க வேண்டும் என்பது இவ்விதிகளின் அடிப்படை. பெருங்களத்தூரும் பல்லாவரமும் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கும். எனவே நிலத்தின் சர்வே எண், முன்பு நடந்த தொழில், கழிவு கிடந்த இடம் ஆகியவற்றை அவ்வூர் முதியவர்களிடம் கேட்டு எழுதி, மாநகராட்சிக்கும் வாரியத்துக்கும் மனு அளிக்கலாம். நாற்று வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.