பூட்டிய போனைத் திறக்கும் சாப்ட்வேர்: எது முடியும்? எது முடியாது?

அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் உள்ள மொபைல் சர்வீஸ் கடைகளில் சிறிது நேரம் நின்றால் போதும். "லாக் எடுத்துத் தருவீங்களா? போட்டோ எதுவும் போகக் கூடாது" என்று யாராவது கேட்பதைக் காணலாம். பேட்டர்னை மறந்த பெரியவர், பேரன் மாற்றி வைத்த பின் எண் தெரியாத பாட்டி, சிங்கப்பூரில் இருந்து மகன் கொடுத்து அனுப்பிய டேப்ளட்டைத் திறக்க முடியாதவர் எனப் பலருக்கும் இந்தச் சிக்கல் வருகிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதற்கு இன்டர்நெட்டில் வழி தேடுவார்கள். "ஒரே கிளிக்கில் திறக்கலாம்" என்ற விளம்பரத்துடன் பல சாப்ட்வேர் புரோகிராம்கள் வரிசையாக வந்து நிற்கும். பணம் கட்டும் முன்னர் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். போனை மீண்டும் பயன்படுத்துவது வேறு. போனுக்குள் இருக்கும் போட்டோக்களையும் பைல்களையும் மீட்பது வேறு. முதலாவது பெரும்பாலும் முடியும், அதுவும் இலவசமாகவே. இரண்டாவதை இன்றைய போன்களில் எந்தக் கடை சாப்ட்வேரும் செய்து தருவது அரிது.

பூட்டு ஒன்றல்ல, மூன்று

பெரம்பலூரில் இருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மதிலைத் தாண்டி உள்ளே போனால், இன்னும் உயரத்தில் அடுத்த மதில் நிற்கும். ஸ்மார்ட் போனின் பாதுகாப்பும் இப்படித்தான்.

முதல் மதில், திரையில் நாம் காணும் பின் எண், பேட்டர்ன் அல்லது விரல் ரேகை.

இரண்டாவது மதில் என்க்ரிப்ஷன். போனில் உள்ள பைல்கள் அனைத்தும் சங்கேத வடிவில் மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றன. நீங்கள் சரியான பின் எண்ணைத் தரும்போதுதான் அவற்றைப் படிப்பதற்கான சாவி உருவாகிறது. 2015ல் வந்த ஆண்ட்ராய்ட் 6, வேகமான புதிய போன்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. 2019ல் வந்த ஆண்ட்ராய்ட் 10 முதல், எல்லாப் புதிய போன்களுக்கும் இது கட்டாயம்.

மூன்றாவது மதில், அக்கவுண்ட் பூட்டு. போனை முழுவதுமாக அழித்த பின்னரும், அதில் முன்பு இருந்த கூகுள் அக்கவுண்ட்டை இது கேட்கும். ஆண்ட்ராய்ட் 5.1 பதிப்பில், 2015ல் இந்த வசதி வந்தது. ஐபோனில் இதற்கு ஆக்டிவேஷன் லாக் என்று பெயர். 2013ல் ஐ.ஓ.எஸ். 7 உடன் வந்தது. திருடியவருக்குப் போன் பயன்படக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

சாப்ட்வேர் ஏன் தோற்கிறது?

நான்கு இலக்க பின் எண்ணில் 10,000 சேர்க்கைகள் மட்டுமே உள்ளன. ஒன்பது புள்ளிகளில் போடக்கூடிய பேட்டர்ன்கள் 3,89,112. கம்ப்யூட்டருக்கு இவை மிகச் சிறிய எண்ணிக்கைகள். அப்படியானால் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து திறந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால், சாவியின் ஒரு பகுதி போனில் உள்ள சிப்பில் இருக்கிறது. அதனை வெளியே எடுத்துக் கம்ப்யூட்டரில் வைத்து சோதிக்க முடியாது. போனிலேயே சோதித்தால், சில தவறுகளுக்குப் பின்னர் 30 விநாடி காத்திரு, பின் இன்னும் அதிக நேரம் காத்திரு என்று போன் தள்ளிப் போட்டுக் கொண்டே போகும். ஐபோனில் அதற்கான செட்டிங்ஸ் இயக்கப்பட்டிருந்தால், பத்துத் தவறுகளுக்குப் பின் டேட்டா முழுவதும் அழிந்துவிடும்.

பழைய ஆண்ட்ராய்ட் போன்களில் நிலைமை வேறு. சில போன்களில் பேட்டர்ன் பதிவாகி இருக்கும் ஒரு சிறிய பைலை அழித்தாலே பூட்டு போய்விடும். ஆண்ட்ராய்ட் 4.4 வரை, ஐந்து முறை தவறாகப் போட்டால் கூகுள் அக்கவுண்ட் மூலம் திறக்கும் வழியும் திரையிலேயே கிடைத்தது. "டேட்டா போகாமல் லாக் எடுத்தேன்" என்று பலர் கூறுவது அந்தக் காலத்துப் போன்களைப் பற்றித்தான்.

அமெரிக்க எப்.பி.ஐ. அமைப்புக்கே இந்தப் பிரச்னை வந்தது. 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோ நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டை அடுத்து, கொலையாளி பயன்படுத்திய ஐபோன் 5சி ஒன்றைத் திறக்க முடியாமல், ஆப்பிள் நிறுவனம் உதவ வேண்டும் என்று 2016 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவைப் பெற்றது. ஆப்பிள் மறுத்தது. கடைசியில் மார்ச் மாதம், வெளியார் ஒருவரின் உதவியுடன் போனைத் திறந்துவிட்டதாக எப்.பி.ஐ. அறிவித்தது. அவ்வளவு பெரிய அமைப்பே இத்தனை பாடுபட்ட வேலையைச் சில ஆயிரம் ரூபாய் சாப்ட்வேர் ஒரே கிளிக்கில் முடிக்கும் என்றால், நம்பும் முன் யோசிக்க வேண்டும். அந்த சாப்ட்வேர்களின் உதவிப் பக்கங்களைப் பொறுமையாகப் படித்தால், "இந்த மாடலில் டேட்டா அழியும்" என்ற வரியைப் பெரும்பாலும் காணலாம்.

டேட்டா வேண்டுமென்றால்

போனை அழிக்கும் முன் கீழ்க்காணும் வழிகளை வரிசையாக முயன்று பாருங்கள்.

1. பின் எண் மறந்துவிட்டது, ஆனால் விரல் ரேகை இன்னும் வேலை செய்கிறதா? போனை ஆப் செய்ய வேண்டாம்; சார்ஜ் தீரவும் விட வேண்டாம். மீண்டும் ஆன் ஆகும்போது பின் எண்ணைத்தான் கேட்கும். அதோடு, ஆண்ட்ராய்ட் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்கு ஒரு முறை பின் எண்ணைக் கேட்கும். எனவே, உடனே விரல் ரேகையால் திறந்து, யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைக்கவும். போன் திரையில் "பைல் டிரான்ஸ்பர்" என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். பின்னர் கம்ப்யூட்டரில் போனுக்கான ஐகானைத் திறந்து, டி.சி.ஐ.எம். என்ற போல்டரை முழுமையாகக் காப்பி செய்திடவும். கேமராவில் எடுத்த போட்டோக்கள் இதில்தான் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள், ஆண்ட்ராய்ட் என்ற போல்டரில், மீடியா என்ற துணை போல்டருக்குள் இருக்கும்.

2. மெமரி கார்ட் போட்டிருந்தால் அதனைக் கழற்றி, கார்ட் ரீடர் மூலம் கம்ப்யூட்டரில் பார்க்கவும். கார்டைத் தனியாக என்க்ரிப்ட் செய்திருக்காவிட்டால் போட்டோக்கள் அப்படியே கிடைக்கும்.

3. கம்ப்யூட்டரின் பிரவுசரில் உங்கள் கூகுள் அக்கவுண்ட்டைத் திறந்து, கூகுள் போட்டோஸ், காண்டாக்ட்ஸ், டிரைவ் ஆகிய மூன்றையும் பாருங்கள். பேக் அப் இயங்கி இருந்தால், தொலைந்தது என்று நினைத்தவை அங்கு இருக்கும். அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டும் மறந்துவிட்டதா? சிம் கார்டை வேறு போனில் போடுங்கள். போன் பூட்டு சிம்மைப் பூட்டுவதில்லை. பாஸ்வேர்டை மீட்பதற்கான எஸ்.எம்.எஸ். அந்தப் போனுக்கு வந்துவிடும்.

4. சாம்சங் போனில், ரிமோட் அன்லாக் வசதியை முன்னரே இயக்கி வைத்திருந்தால், சில மாடல்களைக் கம்ப்யூட்டரில் இருந்தே சாம்சங் அக்கவுண்ட் மூலம் திறக்கலாம். டேட்டா அழியாது. ஐபோனில் ஐ.ஓ.எஸ். 17 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு இருந்து, பாஸ்கோடை மாற்றி 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், பழைய பாஸ்கோடைக் கொடுத்துப் புதிதாக ஒன்று அமைக்கலாம்.

போன் மட்டும் போதும் என்றால்

மேலே கூறப்பட்டவை பலன் தராவிட்டால், அழித்துத் தொடங்குவதே வழி. ஆண்ட்ராய்ட் போன் எனில், கம்ப்யூட்டரில் கூகுளின் பைண்ட் ஹப் தளத்தைத் திறந்து, உங்கள் போனைத் தேர்ந்தெடுத்து, அழிப்பதற்கான கட்டளையைக் கொடுக்கலாம். 2025 வரை இதன் பெயர் பைண்ட் மை டிவைஸ். போனில் இன்டர்நெட் இணைப்பு இல்லை என்றால், போனை ஆப் செய்து, பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரெகவரி திரைக்குச் சென்று, பேக்டரி ரீசெட் செய்திடலாம். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில சாம்சங் மாடல்களில், போனைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்திருந்தால்தான் இந்தத் திரை வரும்.

ஐபோன், ஐபேட் எனில், விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆப்பிள் டிவைசஸ் என்ற இலவச புரோகிராமை மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இருந்து இன்ஸ்டால் செய்து, சாதனத்தை ரெகவரி மோடில் இணைத்து, ரீஸ்டோர் கொடுக்கவும்.

பணம் கொடுத்து வாங்கும் பல சாப்ட்வேர்களும் இதையேதான் அழகான திரையில் செய்து காட்டுகின்றன.

ரீசெட் முடிந்ததும் மூன்றாவது மதில் வரும். பழைய அக்கவுண்ட்டைக் கேட்கும். நம் ஊரில் பலர் இங்குதான் மாட்டிக் கொள்கிறார்கள். போன் வாங்கிய அன்று கடைக்காரரே ஒரு கூகுள் அக்கவுண்ட்டை உருவாக்கிக் கொடுத்திருப்பார். அதன் பெயரோ பாஸ்வேர்டோ வீட்டில் யாருக்கும் தெரியாது. எனவே, ரீசெட் செய்யும் முன் அக்கவுண்ட் விவரத்தை உறுதி செய்யுங்கள். பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், 24 மணி நேரம் கழித்து ரீசெட் செய்திடவும். எதுவும் தெரியாவிட்டால், வாங்கிய பில்லுடன் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்.

எச்சரிக்கையாக இருங்கள்

"ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று கூறும் இலவச அன்லாக் புரோகிராம்களைத் தொடவே வேண்டாம். போனைத் திறக்கப் போய், கம்ப்யூட்டரில் வைரஸை ஏற்றிக் கொள்வீர்கள். சர்வீஸ் என்று கூறி போனில் அழைப்பவர்களிடம் ஓ.டி.பி. சொல்லக் கூடாது. பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவும்.

பழைய போன் வாங்கும்போது அது திருட்டுப் போனா என்று பார்ப்பதும் அவசியம். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் என டயல் செய்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் கிடைக்கும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, இடைவெளி விட்டு, இந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பவும். போனின் நிலை பதிலாக வரும். உங்கள் போன் தொலைந்தால், போலீசில் புகார் தந்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதனை முடக்கலாம்.

இன்றே செய்ய வேண்டியவை

பூட்டிய போனுக்கு மிகச் சிறந்த சாப்ட்வேர், பூட்டும் முன் எடுத்த பேக் அப்தான். மாதம் ஒரு முறை போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். புதிய கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்பதில்லை. 2011ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த லேப்டாப் பரணில் இருந்தால், அது இயங்குகிறதா என்று பாருங்கள். இந்த வேலைக்கு அதுவே போதும்.

அப்பா, அம்மா போனில் உள்ள அக்கவுண்ட் பெயர், பாஸ்வேர்ட், பின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களுடன் வைக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த பெரம்பலூர் குடும்பம் ஒன்றில், மக்காச்சோள வியாபாரம் செய்த பெரியவர் திடீரென இறந்துவிட்டார். யார் யாரிடம் பணம் வர வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அவர் போனில் இருந்தது. பின் எண் யாருக்கும் தெரியவில்லை. மூன்று கடைகள் ஏறி இறங்கியும் அந்தக் கணக்கு வெளியே வரவில்லை.

இப்படிப்பட்ட நேரத்துக்காகவே கூகுளில் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்ற வசதி உள்ளது. நீண்ட நாட்கள் அக்கவுண்ட் பயன்படுத்தப்படாமல் இருந்தால், யாருக்கு எந்தத் தகவல் போக வேண்டும் என்று முன்னரே குறிப்பிடலாம். ஆப்பிளில் இதற்கு லெகசி காண்டாக்ட் என்று பெயர். இரண்டும் இலவசம். அமைத்திட பத்து நிமிடம் கூட ஆகாது. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களுடன் அமர்ந்து செய்து முடித்துவிடுங்கள்.