வடிபடலங்களில் நீர்விருப்புச் சேர்பொருள்கள்

நீர்விருப்புச் சேர்பொருள் என்பது பாலிமரால் ஆன வடிபடலத்தின் ஊடாக நீர் எளிதில் செல்லவும், அதன்மேல் அழுக்குப் படிவது குறையவும், படலத்தை வார்க்கும் கரைசலிலேயே கலக்கப்படும் பொருள் ஆகும். பாலிஎத்திலீன் கிளைகால், பாலிவினைல் பிரோலிடோன் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன.

தேவை

வடிபடலங்களுக்கு விரும்பப்படும் பாலிசல்போன் உறுதியானது. வெப்பத்தையும் அமில காரங்களையும் தாங்கும். ஆனால் நீருடன் ஒட்டாதது. பிளாஸ்டிக் பாத்திரத்தை எண்ணெய்ப் பிசுக்கு விடாமல் பற்றுவது போல, நீரிலுள்ள புரதங்களும் எண்ணெய்த் துளிகளும் அதன் பரப்பைப் பற்றித் துளைகளை அடைக்கின்றன. நீர்விருப்புப் பரப்பிலோ நீர் மூலக்கூறுகள் மெல்லிய அடுக்காகப் பிணைந்து நிற்பதால் புரதங்கள் நெருங்குவது கடினமாகிறது.

செயற்படும் முறை

பாலிமர்க் கரைசலைக் கண்ணாடித் தட்டில் மெல்லிதாகப் பரப்பி நீரில் அமிழ்த்தினால், கரைப்பான் வெளியேறி நீர் உட்புகும். பாலிமர் துளைகளுடன் இறுகும். பாலிஎத்திலீன் கிளைகால் நீரில் கரைவது. எனவே அதன் பெரும்பகுதி இப்போதே வெளியேறிவிடுகிறது. அது துளை உண்டாக்கியே தவிர, பரப்பை நிலையாக மாற்றுவது அன்று. இவ்விரு பணிகளையும் ஒன்றாகக் கருதுவது பொதுவாகக் காணப்படும் குழப்பமாகும். பாலிவினைல் பிரோலிடோனின் நீண்ட சங்கிலிகள் பாலிமருடன் பின்னிக்கொள்வதால் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. அளவு மிகுந்தால் கரைசல் கெட்டியாகி, துளைகள் பெரிதாவதற்கு மாறாகச் சுருங்கவும் கூடும்.

வரலாறும் தமிழ்நாட்டு ஆய்வுகளும்

இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சிட்னி லோப்பும் 1960 அளவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் உருவாக்கிய கடல்நீர்ப் படலத்திலும் ஒரு சேர்பொருள் இருந்தது. செல்லுலோசு அசிட்டேட்டு, அசிட்டோன், நீர் ஆகியவற்றுடன் அவர்கள் ஏறத்தாழ 1.1 விழுக்காடு மக்னீசியம் பெர்குளோரேட்டு உப்பைச் சேர்த்தனர். அதற்கு முந்தைய படலங்களைவிட இது பன்மடங்கு நீரை விட்டது.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் டி. மோகன் குழுவினர் செல்லுலோசு அசிட்டேட்டையும் பாலிசல்போனையும் கலந்து படலங்கள் வார்த்தனர். முன்னது நீரை விரும்பும், ஆனால் நுண்ணுயிரிகளுக்கும் காரத்துக்கும் எளிதில் இரையாகும். பின்னது அதன் குறையை ஈடுசெய்யும். 2006இல் வெளியான ஆய்வில் பாலிஎத்திலீன் கிளைகால் 600இன் அளவைப் படிப்படியாகக் கூட்டினர். நீர் ஓட்டம் உயர்ந்தது. ஆனால் துளைகள் பெரிதானதால் புரதங்கள் தடுக்கப்படும் அளவு குறைந்தது. டிரிப்சின், பெப்சின், முட்டை அல்புமின், மாட்டுக் குருதி அல்புமின் ஆகியவை சோதனைப் புரதங்கள். இவற்றுள் சிறியதான டிரிப்சினே எளிதில் நழுவுவது. ஆகவே எவ்வளவு சேர்ப்பது என்பதை எதைத் தடுக்க வேண்டும் என்பதே முடிவு செய்கிறது.

வெளியேறாத சேர்பொருளை அமைப்பது மற்றொரு வழி. அதே பல்கலைக்கழகத்தில் சல்போனேற்றப்பட்ட பாலிஈதர் ஈதர் கீட்டோன் கலந்த படலங்கள் ஆராயப்பட்டன. இதன் சல்போனிக் அமிலத் தொகுதிகள் நீரை ஈர்க்கும். பாலிமர் படலத்திலேயே தங்கும்.

குறைபாடுகள்

பாலிவினைல் பிரோலிடோன் சேர்த்த படலங்களைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவும்போது அச்சங்கிலிகள் சிதைந்து மெல்ல வெளியேறுகின்றன. அடைப்பை நீக்கும் கழுவுதலே அடைப்பைத் தடுத்த பொருளையும் அகற்றுவதால், தூய்மையாக்கும் கரைசலின் செறிவும் நேரமும் வரையறுக்கப்படுகின்றன.