விளையாட்டுப் பெட்டிக்கு ஒலி அமைத்தல்

காசு போட்டு விளையாடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை நம்மில் பலர் பொருட்காட்சியிலோ கடைத்தெருவிலோ கண்டிருப்போம். ஆளுயர மரப்பெட்டி, அதன் நடுவே திரை, கைக்கெட்டும் உயரத்தில் பிடியும் பொத்தான்களும். ஆர்கேட் பெட்டி என்று அதனை அழைப்பர். சிறு கணினி ஒன்றையும் சில பலகைகளையும் கொண்டு இதனை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் ஆர்வலர்கள் இன்று உண்டு. திரையில் படம் தெரிந்ததும் வேலை முடிந்ததெனக் கருதி, ஒலியை ஏதோ ஒருவாறு இணைத்துவிடுவோரும் அவர்களுள் உண்டு. பெட்டி மீண்டும் மீண்டும் ஆடப்படுவதும், அயலாரின் வெறுப்புக்கு ஆளாகி மூலையில் முடங்குவதும் பெரிதும் இந்த ஒலியைப் பொறுத்தவை.

இவ்விளையாட்டுகளில் ஒலி வெறும் அலங்காரமன்று. 1978ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தில், கனத்த நான்கு சுரங்கள் இடைவிடாது ஒலிக்கும். எதிரிகள் குறையக் குறைய அவற்றின் வேகம் கூடும். கண் ஓரிடத்தில் நிலைத்திருக்கையில், நெருங்கும் ஆபத்தைக் காது அறிவிக்கிறது. ஆகவே நமக்கு வேண்டுவது பேரொலியன்று, தெளிவான ஒலி.

முதலில் ஆற்றலின் அளவைக் காண்போம். சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட் மின்னாற்றலில், 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 88 டெசிபெல் ஒலியைத் தரவல்லது. 10 வாட் அளித்தால் அது 98 டெசிபெல் ஆகும். காதுக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். அதாவது, பத்து மடங்கு ஆற்றல் செலவிட்டால்தான் ஒலி இருமடங்காகிறது. ஆடுபவரோ 1 மீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே நிற்கிறார். பக்கத்துக்கு 10 வாட் தரும் ஆம்ப்ளிஃபையரே வீட்டுக்குத் தாராளம். கடைக்காரர் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் வாட் கூறினால் மயங்க வேண்டா, 'ஆர்.எம்.எஸ்.' அளவு என்னவென்று கேட்டு வாங்குக.

காருக்கென விற்கும் 4 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டும், 12 வோல்ட்டில் இயங்கும் சிறு ஆம்ப்ளிஃபையர் பலகை ஒன்றும் போதும். மும்பையின் லாமிங்டன் சாலை, தில்லியின் லஜபத் ராய் மார்க்கெட், பெங்களூரின் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவின் சாந்தினி சௌக் ஆகிய கடைவீதிகளில் இத்தகைய பொருள்களைத் தேடிப் பெறலாம். பி.ஏ.எம். 8610 என்னும் சில்லைக் கொண்ட பலகை 12 வோல்ட்டில் பக்கத்துக்கு 10 வாட் தரும். பி.ஏ.எம். 8403 பலகையோ 5 வோல்ட்டில் பக்கத்துக்கு 3 வாட் மட்டுமே தரும்; மேசைமேல் வைக்கும் குறும்பெட்டிக்கு அது பொருந்தும்.

இணைக்கும்போது இரண்டு விதிகளை மறத்தலாகாது. முதலாவது, ஓம் அளவு. கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். இரண்டினை ஒரே முனையில் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். 4 ஓமுக்கென அமைந்த பலகை அதனால் சூடேறிப் பழுதாகலாம். இரண்டாவது, மேற்சொன்ன இரு பலகைகளிலும் இடப்பக்க, வலப்பக்க ஸ்பீக்கர்களின் எதிர்முனைகளை ஒன்றாகக் கட்டுதல் கூடாது. அவற்றை உலோகச் சட்டத்தோடு இணைத்தலும் கூடாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு கம்பிகள் தனித்தனியே செல்ல வேண்டும். நேர்முனை, எதிர்முனைகள் இருபுறமும் ஒரே முறையில் அமைதலும் அவசியம். ஒன்று மாறினால் கனத்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முனையில் குறி இல்லையேல், ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரை 1.5 வோல்ட் பாட்டரியால் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். கூம்பு வெளியே நகர்ந்தால், பாட்டரியின் நேர்முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் நேர்முனை.

இனி, பொருத்தும் இடம். திரைக்கு மேலே, பெயர்ப்பலகைக்குக் கீழே, ஆடுபவரை நோக்கிச் சாய்ந்த பலகையே வழக்கமான இடம். ஸ்பீக்கரின் முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் கலந்தால் கனத்த ஒலி குன்றிவிடும். எனவே பலகையில் வட்டத் துளையிட்டு, விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டி, இடைவெளியின்றி முடுக்க வேண்டும். பழைய படக்குழாய்த் திரையாயின், சாதாரண ஸ்பீக்கரின் காந்தம் படத்தில் வண்ணக் கறைகளை உண்டாக்கும். காந்தக் காப்புள்ளதை வாங்குக. தட்டைத் திரைக்கு இத்தொல்லை இல்லை.

இணைத்தபின் இரைச்சல் கேட்பதுண்டு. திரையில் காட்சி மாறுந்தோறும் மாறும் கீச்சொலியானால், கணினியும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே மின்னூட்டத்தைப் பகிர்வது பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர் வைத்தால் அது பெரிதும் அடங்கும். அப்படியும் அடங்காவிடில், ஒலிக்கம்பியின் இடையே 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்னும் சிறு கருவியைச் சேர்க்கலாம். ராஸ்பெர்ரி பை 5 என்னும் 2023ஆம் ஆண்டுச் சிறு கணினியில் ஹெட்போன் துளையே இல்லை, அதற்கு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு தேவை. 230 வோல்ட் மின்சாரம் மூடிய அடாப்டர்களுக்குள்ளேயே நிற்கட்டும். மரப்பெட்டிக்குள் திறந்த மின்கம்பி இருத்தல் ஆபத்து.

பழைய விளையாட்டுப் பலகையையே பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. 1985ஆம் ஆண்டில் ஜப்பானில் வகுக்கப்பட்ட 'ஜாமா' இணைப்பு முறையில், ஆம்ப்ளிஃபையர் விளையாட்டுப் பலகையிலேயே இருக்கும். அதன் ஸ்பீக்கர் முனைகளை நேராக ஸ்பீக்கரில் இணைக்க வேண்டும். இன்னோர் ஆம்ப்ளிஃபையருக்குள் செலுத்தலாகாது.

முடிவாக, ஒலியளவு. அதன் குமிழைப் பெட்டிக்குள் ஒளிக்காமல், கைக்கெட்டும் இடத்தில் வெளியே வைப்பது நலம். வெளிமாநில நகரங்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு, ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உறங்குகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரம்பிட்டுள்ளன. செவிக்கும் ஓர் அளவு உண்டு. தனியாகக் கேட்கும் ஒலிக்கருவிகளுக்கு, வாரத்துக்கு 40 மணி நேரம் எனில், பெரியவர்களுக்கு 80 டெசிபெல், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒலி 3 டெசிபெல் கூடினால் கேட்கத்தக்க நேரம் பாதியாகும். 80இல் 40 மணி நேரம் கேட்கலாமெனில், 89இல் 5 மணி நேரமே.

எனவே, பெட்டி அமைந்த முதல் நாளிலேயே ஒரு சோதனை செய்க. ஒருவர் ஆடிக்கொண்டிருக்க, மற்றொருவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளிவாயிலில் நின்று கேட்கட்டும். அங்கே ஒலி கேளாத நிலையில் குமிழருகே ஒரு கோடு இடுக. இரவில் அக்கோட்டைத் தாண்டாதிருந்தால், ஆடும் பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி. அடுத்த வீட்டாரின் உறக்கத்துக்கும் கேடில்லை.