உடம்புக்கு அளவெடுத்த சைக்கிள்

ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தாண்டியதும் மருத்துவர் நடக்கச் சொல்கிறார். மூட்டு ஒத்துழைக்காவிட்டால் சைக்கிள் ஓட்டச் சொல்கிறார். அந்த வாரமே பளபளப்பான வண்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. ஒரு மாதம் ஆவதற்குள் முழங்காலில் வலி, இடுப்பில் பிடிப்பு, கைவிரல்களில் மரப்பு. 'நமக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்ற முடிவோடு வண்டி மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிவிடுகிறது.

பெரும்பாலும் பழுது உடம்பில் இல்லை. சட்டைக்கு அளவெடுப்பவர்கள் சைக்கிளுக்கு அளவெடுப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

இந்த வண்டிகள் முடங்கிக் கிடப்பது சாதாரண இழப்பல்ல. பிரிட்டனில் 2,63,450 பேரின் உடல்நல விவரங்களைக் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2017இல் வெளியிட்டார்கள். வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தவர்களுக்கு, காரிலும் பேருந்திலும் போனவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு 46 விழுக்காடும், புற்றுநோய் வரும் வாய்ப்பு 45 விழுக்காடும் குறைவாக இருந்தது. சைக்கிள் ஒன்றே காரணம் என்று இத்தகைய ஆய்வு நிறுவிவிடாது. ஆனால் புகைப்பழக்கம், உணவு போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக 15 நிமிடம், வர 15 நிமிடம் என்று வாரத்தில் 5 நாள் சைக்கிளில் வேலைக்குப் போனாலே அந்தக் கணக்கு நேராகிவிடும்.

கண்ணைப் பறிப்பதும் காலுக்கு உதவுவதும்

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கனத்த டயரும், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பரும் வைத்த வண்டிகள்தாம். தினமும் அலுவலகம் போய்வர இவை வேண்டவே வேண்டாம். மலிவான ஷாக் அப்சார்பர், மிதிக்கும் விசையில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். எடையும் கூடும், கேரியர் மாட்டுவதும் கடினம்.

நகரச் சாலைக்கு 35 முதல் 40 மி.மீ. அகல டயர் போட்ட, ஷாக் அப்சார்பர் இல்லாத ஹைபிரிட் வண்டி போதும். சமதள ஊரில் நாலைந்து கிலோமீட்டர் போய்வருபவருக்குப் பழைய கறுப்பு சைக்கிளே நல்ல தேர்வு. கனம்தான், ஆனால் நிமிர்ந்து உட்காரலாம். மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு எல்லாம் வாங்கும்போதே கூட வரும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தை ஒட்டி ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். பெண்கள் வண்டி, ஆண்கள் வண்டி என்பதைவிட உயரப் பொருத்தமே முக்கியம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே குறுக்குப் பார் உள்ள வண்டியென்றால், இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்போது பாருக்கும் உடம்புக்கும் நடுவே 2 முதல் 5 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பார் இல்லாத வண்டி சேலை கட்டுபவர்களுக்கு மட்டுமல்ல, காலைத் தூக்கிப் போட முடியாத வயதான ஆண்களுக்கும் நல்லது.

சீட்டின் உயரம்

சைக்கிள் தரும் வலிகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. உட்கார்ந்தபடியே இரு கால்களும் தரையில் பட வேண்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கச் சொல்பவர்கள் ஏராளம். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கி, முட்டிச்சில்லு அழுத்தப்படுகிறது. மணிக்கு ஆயிரக்கணக்கான மிதிகள் என்பதை நினைத்துப் பார்த்தால் வலி வருவதில் வியப்பில்லை.

சரியான உயரத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, வழக்கமாக ஓட்டும்போது போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி சீட்டில் உட்கார வேண்டும். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, பாதத்தின் முன்பகுதியை அல்ல, குதிகாலை அதன்மேல் வைக்க வேண்டும். முழங்கால் அப்போதுதான் முழுசாக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். அதுதான் இலக்கு. இந்த உயரத்தில் உட்கார்ந்தபடி இரு பாதமும் தரையில் படியாது. சிக்னலில் சீட்டைவிட்டு முன்னே இறங்கிக் காலூன்றப் பழக வேண்டும்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால் உயரம். மாற்றுவதை அரை செ.மீ. அரை செ.மீ. ஆகச் செய்து, சில நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது. சீட் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தக்கூடாது.

மெத்தென்ற சீட் ஏமாற்றும்

கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, அமுங்கும் சீட்டை வாங்குவது வழக்கம். அரை மணி நேரத்துக்கு அது சுகம்தான். நெடுந்தூரத்தில் இடுப்பெலும்பின் இரு முனைகளும் ஜெல்லுக்குள் புதைய, நடுப்பகுதி பிதுங்கி மென்மையான தசையையும் நரம்பையும் அழுத்தும். ஆண்களுக்கு அந்த இடத்தில் மரத்துப்போவது இதனால்தான். கூச்சத்தில் பலர் வெளியே சொல்வதில்லை. மரப்பு வந்தால் சகித்துக்கொண்டு ஓட்டக்கூடாது. சீட்டை ரசமட்டம் வைத்துச் சமமாக்க வேண்டும். கொஞ்சம் கெட்டியான, உட்காரும் எலும்புகளைத் தாங்கும் அகலமுள்ள சீட்டுக்கு மாற வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நிற்பதும் ரத்த ஓட்டத்துக்கு உதவும்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால் உள்ளங்கை ஓரமாகப் போகும் அல்நார் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹேண்டில்பாரைச் சீட் மட்டத்துக்கோ சற்று மேலேயோ உயர்த்தி, மணிக்கட்டு வளையாமல் பிடித்தால் பெரும்பாலும் சரியாகும். கழுத்து வலிக்கும் இதே மருந்துதான்.

தினப் பயணத்துக்குச் சில சேர்க்கைகள்

மடிக்கணினியை முதுகில் மாட்டிக்கொண்டு மே மாத வெயிலில் ஓட்டுவது இடுப்புக்கும் கேடு, சட்டைக்கும் கேடு. கேரியரின் இருபுறமும் தொங்கும் பக்கப்பைகள் அந்தச் சுமையை வண்டிக்கு மாற்றிவிடும். மட்கார்டு, மணி, முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம் இவற்றில் எதையும் விட்டுவிடக் கூடாது.

டயரில் காற்றைக் கல்லாக இறுகும்வரை அடிக்கும் பழக்கமும் போக வேண்டும். சாலையின் ஒவ்வொரு குழியும் அப்போது நேரே முதுகுத்தண்டுக்கு வரும். டயரின் பக்கவாட்டில் அழுத்த வரம்பு அச்சிட்டிருக்கும். உடல் எடைக்குத் தக்கபடி அந்த வரம்புக்குள் வைத்தால் போதும்.

கோத்தகிரி ஏறப் போகிறவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். கியர் இல்லாத வண்டியில் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் சுழலும். அந்த ஏற்றத்தில் அது முட்டியைத்தான் தின்னும். முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தைவிடப் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் பற்கள் அதிகமாக இருக்க வேண்டும். முன்னே 26, பின்னே 34 என்றால் நல்லது. ஓங்கி மிதிப்பதைவிட லேசான கியரில் வேகமாகச் சுழற்றுவதே மூட்டுக்கு நல்லது. சமதளத்தில் நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று சுழற்றப் பழகலாம். இறக்கத்துக்கு நல்ல பிரேக் அவசியம். ரிம் பிரேக் மழையில் பிடிக்கத் தாமதமாகும் என்பதால் மலைக்கு டிஸ்க் பிரேக் மேல்.

உதிரிபாகங்களில் அரிதானவற்றைத் தவிர்ப்பது அறிவு. மோட்டார் சைக்கிளுக்குப் போடும் அதே வகை வால்வு உள்ள டியூப் என்றால் பெட்ரோல் பங்கிலும் சாலையோரப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம்.

புறப்படுமுன்

தமிழ்நாட்டு வெயிலில் பயணத்தை விடியுமுன் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் முடித்துவிட வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீரும், உப்புப் போட்ட நீர்மோரோ ஓஆர்எஸ் கரைசலோ குடிக்க வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு வழியில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். இதய நோயோ கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் நெடும்பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்பது கட்டாயம். இன்னொன்று: சைக்கிளில் உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் எலும்பு வலுப்பெறாது. அதற்கு நடையும் படியேறுவதும் தனியாக வேண்டும்.

சீட்டையும் ஹேண்டில்பாரையும் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் வலியோ மரப்போ நீடித்தால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது, நீங்கள் சைக்கிள் மிதிப்பதைப் பக்கவாட்டில் எடுத்த வீடியோ ஒன்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.