விசையும் விரலும்

துப்பாக்கியை நம்மவர் துவக்கு என்பர்; சிங்கள மக்களும் அவ்வாறே வழங்குவர். 1505 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் வந்தபின் இக்கருவியின் நுட்பத்தை விரைவிற் கற்ற இலங்கைக் கம்மியர், அப்போர்த்துக்கேயரே புகழும் வண்ணம் துவக்குகள் செய்தனர். முன்னிரு காலூன்றி நிற்கும் கொடிதுவக்கு என்னும் சிறு பீரங்கியின் பெயர் இன்றும் சிங்களரிடையே குடிப்பெயராய் நிலவுகின்றது. அக்காலத் திரித்துவக்கில் விசையை இழுத்தாற் கனலும் திரி மருந்திற் படியும். மழையில் அது அவிந்துபோம். நுவரெலியாவை அறிந்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பின்னர்த் திரி போய்ச் சக்கிமுக்கிக்கல் வந்தது; தோட்டா வந்தது. விசைமேல் மனித விரல் மட்டும் மாறவில்லை.

அவ்விரலே இப்பொழுது அகல்கின்றது. 2022 இல் மூண்ட உக்ரேன் பெரும்போரில், ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானங்களைப் பல மைல் தொலைவிலிருந்து திரையை நோக்கியே இயக்கினர். எதிரி வானொலி அலைகளைக் குலைத்தால் தொடர்பு அறும். அதற்கு மாற்றாகச் சிலவற்றிற் கண்ணாடியிழையொன்றைப் பின்னே அவிழ்த்துச் செல்லவிட்டனர். வேறு சிலவற்றில் இலக்கைத் தானே தொடரும் கணிப்பொறியை அமைத்தனர். இரண்டாவதே அஞ்சத்தக்கது. தொடர்பு அற்றபின், தவறென்று கண்டாலும் அதனைத் திருப்பியழைப்பார் இலர்.

ஹட்டன் மலைச்சரிவிற் பனியூடே முதுகிற் சுமையுடன் ஏறும் ஓர் உருவம் படைவீரனா, கொழுந்துக்கூடை சுமக்கும் தாயா? மனிதன் ஒருகணம் தயங்குவான். பொறியோ தான் பயின்ற படங்களோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைக் கணிக்கும்; அவ்வெண் வரம்பைத் தாண்டினாற் பாயும்.

2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இத்தகைய ஆயுதங்கள் குறித்துத் தீர்மானமொன்றை நிறைவேற்றிற்று. அது தடையன்று, நாடுகளின் கருத்தைத் திரட்டி அறிக்கை தருமாறு பொதுச் செயலாளரைக் கேட்டதேயாம்.