ஓர் இருக்கை, பல விற்பனையாளர்கள்

மும்பை ஜுஹுவிலுள்ள பிருத்வி அரங்கில் இருக்கைகளுக்கு எண் கிடையாது. 1978இல் திறக்கப்பட்ட அந்தச் சிறிய அரங்கில் சுமார் 200 பேர் அமரலாம். நுழைவுச்சீட்டு பெற்றோர் வரிசையில் காத்திருந்து, கதவு திறந்ததும் விரும்பிய இடத்தைப் பிடித்துக்கொள்வர். மூன்றாம் மணி ஒலித்த பிறகு வருபவருக்குக் கதவு திறவாது. ஆக, அங்கு விற்கப்படுவது ஒரே பொருள்தான்: உள்ளே செல்லும் உரிமை.

லண்டனிலும் நியூயார்க்கிலும் நிலைமை வேறு. ஆயிரம் இருக்கைகள் உள்ள அரங்கில், ஒவ்வோர் இரவும் விலை வேறுபட்ட ஆயிரம் பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன என்றே கொள்ளலாம். நடுவரிசை இருக்கையும் தூண் மறைக்கும் இருக்கையும் ஒன்றல்ல. சனிக்கிழமை இரவும் செவ்வாய்க்கிழமை இரவும் ஒன்றல்ல. காய்கறியாவது மறுநாள் பாதி விலைக்குப் போகும். திரை உயர்ந்த பின் விற்காத இருக்கைக்கு விலையே இல்லை. இந்த அச்சமே முகவர் தொழிலின் அடித்தளம்.

லண்டனில் அத்தொழில் புத்தகக் கடைகளில் வளர்ந்தது என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெஸ்ட் எண்ட் பகுதியில் நூல்களை வாடகைக்குக் கொடுத்துவந்த நூலகங்களே நாடகச் சீட்டுகளையும் விற்றன. நாவல் வாங்கிவர ஆள் அனுப்பும் செல்வக் குடும்பங்கள் அதே ஆளிடம் நாடகச் சீட்டுக்கும் சொல்லி அனுப்பின. காலப்போக்கில் வாடகை நூலகங்கள் மறைந்தன. பெயர் மட்டும் நின்றது. புதிய நாடகமொன்றின் பல வார இருக்கைகளை முகவர்கள் முன்கூட்டியே மொத்தமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அந்நகரின் நாடக உலகம் ‘நூலக ஒப்பந்தம்’ என்றே நெடுங்காலம் அழைத்தது. வங்கியியல் கண்கொண்டு நோக்கினால் அது வெறும் சீட்டு விற்பனையன்று. தயாரிப்பாளருக்கு அது கடன் பத்திரமின்றிக் கிடைத்த நடைமுறை மூலதனம்.

இன்று அங்கே மொத்தக் கொள்முதலின் இடத்தைக் கணினி இணைப்பு பெருமளவு எடுத்துக்கொண்டுவிட்டது. அரங்கின் இருக்கைப் பட்டியலோடு பல முகமைகளின் இணையதளங்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஒரே நாடகத்தை, சில வேளைகளில் ஒரே இருக்கையையே, நான்கைந்து நிறுவனங்கள் ஒரே நேரத்தில் காட்டுகின்றன. விலை மட்டும் வேறுபடும். காரணம் எளிது. ஒரு முகவர் சீட்டின் மூலவிலைக்குள்ளிருந்தே அரங்கிடம் தரகு பெறுவார். இன்னொருவர் அதன்மேல் தம் சேவைக் கட்டணத்தை ஏற்றுவார். போட்டி இருந்தும் விலை குறையாத விந்தை இதனால்தான் நேர்கிறது. தேடுபொறியில் முதலில் நிற்பதற்கு முகவர் செலவிடும் விளம்பரப் பணமும் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்?

நியூயார்க்கின் பிராட்வேயில் போட்டியின் திசையே வேறு. அங்குள்ள 41 அரங்குகளில் 17 ஷூபர்ட் நிறுவனத்தின் கையில் உள்ளன. அவற்றின் சீட்டுகளை அதன் சொந்த முகமையான டெலிசார்ஜ் விற்கிறது. ஜூஜாம்சின் அரங்குகள் சீட்கீக் நிறுவனத்தைத் தேர்ந்தன. அதாவது முகமைகள் போட்டியிடுவது பார்வையாளருக்காக அன்று, அரங்க உரிமையாளருக்காக. ஒப்பந்தம் முடிந்தபின் அந்த நாடகத்தைக் காண விரும்புபவர் அந்த முகமையிடம்தான் செல்ல வேண்டும். அரங்கின் சாளரத்திற்கு நேரில் சென்றால் சேவைக் கட்டணம் மிச்சமாகும். டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் இயங்கும் ‘டிக்கெட்ஸ்’ என்னும் சாவடியில், அன்றைய காட்சியின் மீந்த இருக்கைகள் கணிசமான தள்ளுபடியில் கிடைக்கும். லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அவ்வகைச் சாவடி 1980இல் வந்தது.

இவர்கள் அனைவரும் முதல் விற்பனையாளர்கள். இரண்டாம் சந்தை இவர்களுக்குப் பின்னால் நிற்கிறது. 2015இல் பிராட்வேக்கு வந்த ‘ஹாமில்டன்’ இசைநாடகத்தின் சீட்டுகளைத் தானியங்கி நிரல்கள் வழியே வாரிக்கொண்டவர்கள் பன்மடங்கு விலைக்கு விற்றனர். அந்த வேறுபாட்டுத் தொகையில் ஒரு டாலர்கூட எழுதியவருக்கோ நடித்தவருக்கோ செல்லவில்லை. 2016இல் தயாரிப்பாளர்கள் உயர்தர இருக்கையின் விலையைத் தாமே 849 டாலராக உயர்த்தினர். கூடவே, குலுக்கல் முறையில் 10 டாலர் இருக்கைகளையும் வழங்கினர். அவ்விலை நியாயமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எனினும், பணம் இடைத்தரகரிடம் போவதைவிட மேடையேறியவரிடம் போவது மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டின் இறுதியில் அத்தகைய நிரல்களைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. 2025 மே முதல், கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையையே முதலில் காட்ட வேண்டும் என்பதும் அங்கு விதி.

கோடை விடுமுறையில் லண்டன் செல்லும் நம் வாடிக்கையாளர் இதிலிருந்து அறிய வேண்டியவை சில உண்டு. முதலில் அரங்கின் சொந்த இணையதளத்தைத் திறந்து அங்குள்ள விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறரது விலையை அதனோடு ஒப்பிடுங்கள். மறுவிற்பனையாளர் இருக்கையின் இடத்தையும் மூலவிலையையும் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம். தெரிவிக்காதவரை விட்டு விலகுங்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் ‘ரூபாயிலா, பவுண்டிலா’ என்று கேட்டால் பவுண்டைத் தேர்வது பெரும்பாலும் சிக்கனம். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை முடிவுசெய்வது உங்கள் வங்கியன்று. புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் முடக்கப்பட்டிருக்கும். பயணத்திற்கு முன்பே செயலியில் அதனை இயக்கிக்கொள்க.

இந்தியாவில் களத்தில் நிற்பவை மிகச் சில நிறுவனங்களே. 2007 முதல் புக்மைஷோ முன்னணியில் உள்ளது. பேடிஎம்மின் நிகழ்ச்சிச் சீட்டு வணிகத்தை 2024இல் 2,048 கோடி ரூபாய்க்கு வாங்கிய சொமாட்டோ, ‘டிஸ்ட்ரிக்ட்’ என்ற செயலியோடு எதிரே வந்திருக்கிறது. புக்மைஷோ விற்பனையோடு நிற்கவுமில்லை. 2018இல் ‘அலாதீன்’ இசைநாடகத்தை மும்பையில் மேடையேற்றியதும் அதுவே. கடைக்காரரே விளைவிப்பவருமானால் சிறு குழுவின் நாடகம் செயலியின் எத்தனையாவது வரிசையில் தோன்றும் என்ற கேள்வி எழுவது இயல்பு.

நம் பணப்பையைத் தொடும் கணக்கு இது. ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான நாடகக் கட்டணத்திற்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. ஆனால் செயலியின் வசதிக் கட்டணத்திற்கு 18 விழுக்காடு உண்டு. இரு சீட்டுகள் 1,000 ரூபாய், வசதிக் கட்டணம் 100 ரூபாய் என வைத்துக்கொண்டால், நீங்கள் செலுத்துவது 1,118 ரூபாய். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்னும் அட்டைச் சலுகைகளில், இலவசம் பெரும்பாலும் சீட்டின் விலைக்குத்தான், வசதிக் கட்டணத்திற்கு அன்று. உச்ச வரம்பும் மாத ஒதுக்கீடும் சிறிய எழுத்தில் இருக்கும்.

சீட்டு தீர்ந்த காட்சிக்குச் சமூக ஊடகத்தில் ‘கூடுதல் சீட்டு’ விற்பவரிடம் எச்சரிக்கை தேவை. பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி யுபிஐ ரகசிய எண்ணை இடச் சொன்னால் அது மோசடியே. பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையில்லை. ஏமாந்தவர்கள் தாமதமின்றித் தம் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

நாடகக் குழுக்களின் கவலை வேறு. அரங்க வாடகையை முன்பே கட்ட வேண்டும். செயலி வழியே விற்ற சீட்டுப் பணமோ பொதுவாகக் காட்சி முடிந்த பிறகே கணக்கிற்கு வரும். நூலக ஒப்பந்தத்திற்கு நேர் எதிரான ஏற்பாடு இது: இப்போது முகவர் கையில்தான் குழுவின் பணம் சில நாள் தங்குகிறது. அதனால் சில குழுக்கள் வாட்ஸ்அப்பில் பெயரைப் பதிந்து, யுபிஐ குறியீட்டை அனுப்பித் தாமே விற்கின்றன. இருக்கைக் கணக்கு ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஏறும். நூறு பேர் வரை அது தாங்குகிறது. அதற்குமேல் போனால், ஒரே இருக்கையில் இருவர் வந்து நிற்கும்போது, அடுத்த காட்சிக்குச் செயலியைத்தான் நாட வேண்டியிருக்கிறது.